டிஸ்கஸ் குஞ்சுக்கு முதல்ல வெறும் தொட்டிதான் வேணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல செடி வச்ச மீன் தொட்டி பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க, கூடவே அரைப் பக்கத்துக்கு ஒரு படம், பச்சைப்பசேல்னு செடி, நடுவுல தட்டு மாதிரி வட்டமா ஆறேழு டிஸ்கஸ் மீன். படம் அவ்வளவு அழகு, அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா கட்டுரையோட கடைசிப் பத்தியில, ரெண்டு இஞ்ச் குஞ்சா வாங்கி இந்த மாதிரி தொட்டியில விட்டா செடியோட செடியா அதுவும் வளர்ந்துடும்ங்கற மாதிரி ஒரு வரி வந்திருக்கு பாருங்க, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர். அதைப் படிச்சுட்டு இந்த வாரம் எத்தனை பேர் குஞ்சு வாங்கப் போறாங்களோன்னு நினைச்சா மனசு கேக்கல. நானும் அப்படி நம்பி ஆறு குஞ்சை வாங்கி விட்டவதான்.

நாலு அடி தொட்டி, 250 லிட்டர் கிட்ட பிடிக்கும். அடியில செடிக்குன்னே விக்கிற கறுப்பு மண்ணு மூணு இஞ்ச் கனத்துக்கு, மேல நல்ல பவர் லைட்டு, பக்கத்துல செடி வளர கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், ரெண்டு மாசத்துல செடி எல்லாம் அடர்ந்து வந்துடுச்சு. அதுக்கப்புறம்தான் குஞ்சை விட்டேன். முதல் ரெண்டு வாரம் அதுங்க இலைக்கு நடுவுல சாய்ஞ்சு சாய்ஞ்சு போறதைப் பாத்துட்டே உக்காந்திருப்பேன், நேரம் போறதே தெரியாது. நாலு மாசம் கழிச்சு ஸ்கேலை கண்ணாடியில வச்சுப் பாத்தா ஒண்ணு கூட 3 இஞ்சைத் தாண்டல. அந்த வயசுல 4, நாலரை இஞ்ச் இருக்கணும். அதை விடக் கொடுமை, உடம்பு வட்டமா இல்லாம முட்டை மாதிரி நீள்வாக்குல போயிடுச்சு, கண்ணு மட்டும் பெருசா தெரியுது.

இந்தக் கண்ணு விஷயத்தை கொஞ்சம் சொல்லணும், ஏன்னா குஞ்சு வாங்கப் போறவங்களுக்கு இதை விட நல்ல அடையாளம் இல்ல. டிஸ்கஸ் குஞ்சுக்கு சாப்பாடோ தண்ணியோ சரியில்லைன்னா உடம்பு வளர்றது நின்னுடும், ஆனா கண்ணு அதுபாட்டுக்கு வளர்ந்துட்டே இருக்கும். அதனால மொகத்துக்கு கண்ணு ரொம்பப் பெருசா இருக்கிற குஞ்சு சின்ன வயசுக் குஞ்சு இல்ல, வயசாகியும் வளராம போன குஞ்சு. இதைத்தான் ஸ்டன்ட் ஆயிடுச்சுன்னு சொல்றாங்க. அனுபவம் உள்ளவங்க கலரைப் பாக்க மாட்டாங்க, முதல்ல கண்ணைப் பாப்பாங்க, அப்புறம் உடம்பு வட்டமா இருக்கா, நெத்தியில சதை இருக்கா இல்ல கத்தி முனை மாதிரி ஒட்டிப் போயிருக்கான்னு பாப்பாங்க. முதல் ஆறேழு மாசத்துல விட்டுப்போன வளர்ச்சியை அப்புறம் என்ன ஊட்டினாலும் முழுசா பிடிக்க முடியாது. என்னோட ஆறுல உசுரோட இருந்த அஞ்சும் கடைசி வரைக்கும் அப்படியேதான் இருந்துச்சு.

அந்த ஆறாவது குஞ்சு எப்படிப் போச்சுன்னும் சொல்லிடறேன். டிஸ்கஸ் எல்லாம் சிக்லிட்ங்கற மீன் குடும்பம், பாக்க சாதுவா இருந்தாலும் கூட்டத்துக்குள்ள யார் பெரியவன் யார் சின்னவன்னு ஒரு வரிசை போட்டுக்கும், சாப்பாடு வந்தா பெருசு சின்னதை முட்டித் தள்ளும். அதனாலதான் ரெண்டு மூணா வாங்காதீங்க, குறைஞ்சது ஆறு வாங்குங்கன்னு சொல்றது, அடி ஒண்ணு மேலயே விழாம பிரிஞ்சு போகும். மண்ணு செடி எதுவும் இல்லாத வெறும் தொட்டியில இருந்தா எந்தக் குஞ்சு ஒதுங்குதுன்னு அன்னைக்கே கண்ணுல படும். என் தொட்டியில எல்லாத்துலயும் சின்னது அமேசான் ஸ்வார்ட் செடி இலைக்குப் பின்னால போய் நின்னுக்கும், நான் ஏதோ வெக்கப்படுது, செடி பிடிச்சிருக்குன்னு நினைச்சுட்டு இருந்தேன். அது சாப்பிடவே இல்ல. ஒரு நாள் காலையில எண்ணிப் பாக்கறேன், அஞ்சுதான் இருக்கு. இலையை விலக்கிப் பாத்தா வேர் பக்கத்துல ஒரு பக்கமா கிடக்குது, உடம்பு கறுத்துப் போய், காகிதம் மாதிரி. இப்பவும் அந்தக் காட்சி மறக்கல.

அதுக்கப்புறம்தான் என்ன தப்புன்னு உக்காந்து யோசிக்க ஆரம்பிச்சேன். ஒரு கிரிப்டோகோரைன் செடியை இடம் மாத்தலாம்னு வேரோட பிடுங்கினேன், வேர்ல ஒட்டிட்டு வந்த மண்ணுல அழுகின முட்டை நாத்தம், நடுநடுவுல வெள்ளையா நூல் நூலா ஏதோ. கையில எடுத்துப் பாத்தா பிளட்வார்ம்ங்கற புழு, என்னைக்கோ போட்ட சாப்பாடு. நான் வாரா வாரம் 30 சதவீதம் தண்ணி மாத்திட்டு, மேல தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கேன்னு சந்தோஷமா இருந்தேன், கீழ மூணு இஞ்ச் மண்ணுக்குள்ள நாலு மாசத்து மிச்சம் மீதி எல்லாம் அழுகிட்டு இருந்திருக்கு.

பிரச்சனையோட வேர் இங்கதான் இருக்கு. பெரிய டிஸ்கஸுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு வேளை போட்டா போதும். குஞ்சுக்கு அஞ்சு ஆறு வேளை வேணும், அதுவும் புரதம் நிறைய உள்ள சாப்பாடு. இவ்வளவு சாப்பாடு போனா அவ்வளவு கழிவும் வரும், மிச்சமும் விழும். அதை அன்னன்னைக்கே உறிஞ்சி வெளிய எடுத்தே ஆகணும். மண்ணு, வேரு, கொடின்னு இருக்கிற தொட்டியில சைஃபன் குழாயை எங்க வைப்பீங்க? மேலாப்புல ஆட்டினா குப்பை கிளம்பும், அழுத்தி விட்டா செடி பிடுங்கிட்டு வரும். அதனால என்ன ஆகும்னா, ஒண்ணு தண்ணி கெட்டுடும்னு பயந்து சாப்பாட்டைக் குறைப்போம், இல்ல சாப்பாட்டைப் போட்டு தண்ணியைக் கெடுப்போம். ரெண்டுலயுமே குஞ்சு வளராது. நான் ரெண்டையும் மாத்தி மாத்தி செஞ்சிருக்கேன்.

அடுத்தது சூடு. டிஸ்கஸ் அமேசான் ஆத்துப் படுகையில, மெதுவா ஓடற, மரக்கட்டை வேரு எல்லாம் மூழ்கிக் கிடக்கிற வெதுவெதுப்பான தண்ணியில வாழற மீன். குஞ்சுக்கு 29, 30 டிகிரி வச்சாதான் பசி எடுக்கும், செரிக்கும். நாம கடையில ஆசைப்பட்டு வாங்கற கார்பெட் செடி, சிவப்பு தண்டுச் செடி பாதிக்கு மேல 24, 25 டிகிரியில நல்லா வர்றது, 30-ல இலை உருகிக் கொட்டும். உருகின இலையும் அழுகல்தான். செடிக்காக சூட்டைக் குறைச்சா குஞ்சு மூலையில போய் நிக்கும். அப்புறம் ஆக்சிஜன். 25 டிகிரியில ஒரு லிட்டர் தண்ணி 8 மில்லிகிராமுக்கு கொஞ்சம் மேல ஆக்சிஜனை பிடிச்சு வைக்கும், 30 டிகிரியில ஏழரைதான், ஆனா சூடு ஏற ஏற மீனுக்கு மூச்சுத் தேவை கூடும். இது போதாதுன்னு கார்பன் டை ஆக்சைடை வேற விடறோம், ராத்திரி லைட்டை அணைச்சதும் செடிகளும் ஆக்சிஜனைத்தான் இழுக்கும். விடிகாலையில எழுந்து பாருங்க, குஞ்செல்லாம் மேல வந்து செவுளை வேகமா அடிச்சுட்டு நிக்கும். நான் பல நாள் அதைப் பசின்னு நினைச்சிருக்கேன்.

மீன் கழிவுலயும் அழுகின சாப்பாட்டுலயும் இருந்து வர்ற அம்மோனியா பத்தியும் ஒரு வார்த்தை, ஏன்னா கட்டுரையில அந்தப் பேச்சே இல்ல. செடி மண்ணு புதுசா போட்ட முதல் சில வாரம் அதுவே அம்மோனியாவை விடும், ஃபில்டர்ல அதைத் தின்னு தீர்க்கிற நல்ல பாக்டீரியா வந்து நிலைக்க நாலஞ்சு வாரம், சில சமயம் அதுக்கும் மேல ஆகும். தண்ணியில இருக்கிற அம்மோனியாவுல ஒரு பங்குதான் மீனுக்கு கடும் விஷம், அந்தப் பங்கு சூடு கூடினா கூடும், பிஎச், அதாவது தண்ணியோட அமிலத்தன்மை காரத்தன்மையைக் காட்டற எண், 7-ல இருந்து 8-க்கு போனா கிட்டத்தட்ட 10 மடங்கு ஆகும். அதனால பக்கத்து வீட்டுத் தொட்டியில 25 டிகிரியில ஒண்ணும் ஆகாத அளவு, 30 டிகிரியில நிக்கிற டிஸ்கஸ் குஞ்சுக்கு செவுளைப் பொசுக்கிடலாம். தொட்டி வச்ச அன்னைக்கே மீனை விடறவங்களை நினைச்சா எனக்கு வயித்தைக் கலக்குது.

ரெண்டாவது தடவை குஞ்சு வாங்கறதுக்கு முன்னால ஒரு வருஷம் பொறுத்தேன். அந்த வருஷம் முழுக்க படிச்சேன், கேட்டேன். அதுல என்னை ரொம்ப உலுக்கினது இந்த மீன் தன் குஞ்சை வளர்க்கிற விதம். முட்டை போட்டு ரெண்டு மூணு நாள்ல பொரியும், இன்னும் ரெண்டு மூணு நாள்ல குஞ்சு நீந்த ஆரம்பிக்கும், நீந்தினதும் நேரா அம்மா அப்பா உடம்புல போய் ஒட்டிக்கும். அதுங்க தோல் மேல ஊறுற சளி மாதிரிப் பொருள்தான் குஞ்சுக்கு முதல் சாப்பாடு, அம்மா மட்டும் இல்ல, அப்பாவும் கொடுக்கும். ஒண்ணு களைச்சுப் போச்சுன்னா வெடுக்குன்னு திரும்பும், குஞ்சுக் கூட்டம் மொத்தமும் இன்னொண்ணு மேல போய் ஒட்டிக்கும். 2010-ல இங்கிலாந்து பிளிமத் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்து பாத்து எழுதினாங்க, அந்தச் சளியில புரதமும் நோய் எதிர்ப்புப் பொருளும் இருக்கு, முதல் ரெண்டு வாரம் பெத்ததுங்க குஞ்சை விட்டு நகராது, அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா விலகி விலகிப் போய் தானா தேடித் தின்னப் பழக்கும், பாலூட்டி பால் மறக்கடிக்கிற மாதிரியேதான்னு. இப்படி வளர்ற ஒரு உசுரை ரெண்டு இஞ்ச்ல பிரிச்சுக் கொண்டு வந்து நம்ம வீட்டுத் தொட்டியில விடறோம், அதுக்கப்புறம் அந்தப் பொறுப்பு நம்மளோடதுதானே.

இப்ப நான் எப்படி வளர்த்தேன்னு சொல்றேன். 150 லிட்டர் தொட்டி, அடியில ஒண்ணுமே கிடையாது, வெறும் கண்ணாடி. ரெண்டு பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், ரெண்டையும் பழைய தொட்டியில ரெண்டு மாசம் ஓட விட்டு பழக்கினது. ஒரே பெரிய ஹீட்டருக்குப் பதிலா ரெண்டு சின்ன ஹீட்டர், ஏன்னா தெர்மோஸ்டாட் கெட்டு ஆன்லயே நின்னுட்டா பெரிய ஹீட்டர் ஒரு ராத்திரியில மீனை வேகவச்சுடும், சின்னது அவ்வளவு சீக்கிரம் சூடேத்தாது, ஒண்ணு நின்னு போனாலும் இன்னொண்ணு தாங்கும். தண்ணி தினமும் பாதி மாத்தினேன், ஒரு நாள் கூட விடல. மாத்தற தண்ணி தொட்டியில இருக்கிற அதே சூட்டுல இருக்கணும், கையை விட்டுப் பாக்காதீங்க, தெர்மாமீட்டர் வைங்க. குழாய்த் தண்ணியில குளோரின் மட்டும்னா ஒரு நாள் காத்தாட வச்சா போயிடும், குளோரமைன் கலந்திருந்தா வச்சாலும் போகாது, அதுக்கான மருந்து போட்டே ஆகணும். பிஎச் பத்தி பலரும் ரொம்ப பயமுறுத்துவாங்க, தொட்டியிலேயே பிறந்த குஞ்சு 7, ஏழரை வரைக்கும் நல்லாவே ஏத்துக்கும், நம்பரைத் துரத்தி இன்னைக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணுன்னு மாத்தறதுதான் அதைக் கொல்லும்.

தண்ணி மாத்தறப்ப உள்பக்க கண்ணாடியையும் துடைக்கணும். விரலால தடவிப் பாருங்க, ஒரே நாள்ல வழுவழுன்னு ஒரு படலம் வந்திருக்கும், சாப்பாட்டுக் கொழுப்பும் கிருமியும் சேர்ந்தது. செடித் தொட்டியில இது ஒவ்வொரு இலை மேலயும் மண்ணு மேலயும் படியும், அதையெல்லாம் யாரால துடைக்க முடியும் சொல்லுங்க.

சாப்பாடு ஒரே வகையா வேண்டாம். நல்ல குருணைத் தீவனம், உறைய வச்ச பிளட்வார்ம், ஆர்ட்டீமியாங்கற பொடி இறால் வகைக் குஞ்சு, இதை மாத்தி மாத்தி போட்டேன். மாட்டு இதயம் அரைச்சுப் போடறவங்க இருக்காங்க, வளர்ச்சி வேகமா வரும்ங்கறது உண்மைதான், ஆனா அதைப் போட்டா ஒரு மணி நேரத்துக்குள்ள மிச்சத்தை உறிஞ்சி எடுத்துடணும், அப்படி முடியாதவங்க தொடவே வேண்டாம். உசுரோட இருக்கிற டியூபிஃபெக்ஸ் புழு சாக்கடையில வளர்றது, அது கூடவே நோயும் வரும், நான் போடறதே இல்ல. ஒவ்வொரு வேளையும் அஞ்சு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவுதான். வயிறு லேசா உருண்டு தெரியணும், அவ்வளவுதான்.

செடியே இல்லாம எப்படி இருக்கறதுன்னு கேக்கறவங்களுக்கு ஒரு வழி இருக்கு, நானும் அதைத்தான் செஞ்சேன். ஒரு மரக்கட்டையில ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் ரெண்டையும் நூலால கட்டி விட்டேன், அதோட கிழங்குத் தண்டை மண்ணுல புதைச்சாதான் அழுகும், கட்டையில கட்டினா 30 டிகிரியிலயும் அசராம நிக்கும். ஒரு சின்ன மண் சட்டியில அமேசான் ஸ்வார்ட், மேல கொஞ்சம் மிதக்கிற செடி, அது லைட்டை மட்டுப்படுத்தும், அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உறிஞ்சும். தண்ணி மாத்தறப்ப கட்டையைத் தூக்கி அந்தப் பக்கம் வச்சுட்டு அடியில முழுசா உறிஞ்சலாம், மண் சட்டியை வெளிய எடுத்து அலசலாம். குஞ்சுக்கு ஒதுங்க நிழலும் கிடைச்சுது, எனக்கு ஒவ்வொண்ணா எண்ணிப் பாக்கவும் முடிஞ்சுது. மூணாவது வாரம் ஒரு குஞ்சு மட்டும் கறுத்துப் போய் வெள்ளையா நூல் மாதிரி கழிஞ்சுது, அது பெரும்பாலும் வயித்துல ஒட்டுண்ணி இருக்குன்னு காட்டற அறிகுறி. அன்னைக்கே பாத்ததால தனியா எடுத்து வைத்தியம் பாத்து பொழைக்க வச்சேன். செடித் தொட்டியா இருந்தா அதைப் பாத்திருக்கவும் மாட்டேன், பாத்திருந்தாலும் வலை போட்டுப் பிடிக்கிறதுக்குள்ள தொட்டியே கலங்கியிருக்கும்.

கலர் பத்தி ஒண்ணு சொல்லணும். பிஜியன் பிளட் வகைக் குஞ்சு, அதாவது தாய்லாந்துல உருவாக்கின அந்த ஆரஞ்சு வகையும் அதுல இருந்து வந்ததுங்களும், கறுப்பு மண்ணு கறுப்பு பின்னணியில வளர்ந்தா உடம்பு பூரா மிளகுப் பொடி தூவின மாதிரி கறுப்புப் புள்ளி வரும். மீன் சுத்தி இருக்கிற இருட்டுக்கு ஏத்த மாதிரி தன்னை மாத்திக்குது, அவ்வளவுதான் விஷயம். நிறைய பேர் இதை நோய்னு நினைச்சு மருந்து மேல மருந்து ஊத்தறாங்க. வெளிர் அடித்தளத்துல விட்டா பெரும்பாலும் குறைஞ்சுடும். அதே மாதிரி ரெண்டு இஞ்ச்லயே பளபளன்னு முழு கலரோட இருக்கிற குஞ்சைப் பாத்து மயங்காதீங்க, பல வகைக்கு அந்த வயசுல கலர் வராது, ஹார்மோன் கொடுத்துக் கலர் ஏத்தற வேலையும் நடக்குது, அந்த மாதிரி குஞ்சு பின்னால சரியா வளராது, குஞ்சு பொரிக்கவும் சிரமப்படும்.

செடித் தொட்டியிலேயே குஞ்சு வளர்த்து நல்லபடியா கொண்டு வந்தவங்க இல்லவே இல்லைன்னு நான் சொல்ல வரல. இருக்காங்க. ஆனா அவங்க மணலை அரை இஞ்சுக்கு மேல போட மாட்டாங்க, முன்பக்கம் பாதி இடத்தைக் காலியா விட்டு அங்கதான் சாப்பாடு போடுவாங்க, தினமும் தண்ணி மாத்துவாங்க, சூடு தாங்கற செடி மட்டும் வைப்பாங்க, கார்பன் டை ஆக்சைடை விடவே மாட்டாங்க இல்ல ரொம்ப அளவா விடுவாங்க. அந்த உழைப்புல ஒரு துளி கூட உங்க கட்டுரையில இல்லைங்கறதுதான் என் வருத்தம். படத்துல இருக்கிற மீன் எல்லாம் 6 இஞ்ச் வளர்ந்தது, எங்கயோ வெறும் தொட்டியில வளர்ந்து அப்புறம் அங்க வந்தது, அதைப் பாக்கற புது ஆளுக்கு அது தெரியாது.

என் ரெண்டாவது ஆறும் எட்டாவது மாசத்துல அஞ்சு இஞ்ச் தொட்டுச்சு, அப்பதான் பெரிய தொட்டிக்கு மாத்தினேன். பழைய மண்ணை முழுசா எடுத்துட்டு மெல்லிசா வெளிர் மணல், 28 டிகிரி, ஸ்வார்ட், கிரிப்டோகோரைன், வாலிஸ்னேரியா, ஜாவா ஃபெர்ன், துணைக்கு சூடு தாங்கற கார்டினல் டெட்ரா ஒரு கூட்டம். இப்ப அதுங்களுக்கு ஒண்ணரை வயசு, கையகலத்துக்கு இருக்கு. போன மாசம் ரெண்டு மீன் ஜோடி சேர்ந்து ஒரு ஸ்வார்ட் இலையை வாயால கொத்திக் கொத்தி சுத்தம் பண்ணி, வரிசை வரிசையா முட்டை வச்சுது. மத்த நாலையும் கிட்ட அண்ட விடல.

இவ்வளவு நீளமா எழுதினதுக்கு மன்னிச்சுக்கோங்க ஐயா, நீங்க சுருக்கிப் போட்டாலும் சரிதான். அடுத்த இணைப்புல அந்தக் கடைசி வரியை மட்டும் திருத்தி, முடிஞ்சா அடியில ஒண்ணும் இல்லாம ரெண்டு ஸ்பாஞ்ச் ஃபில்டரோட இருக்கிற குஞ்சுத் தொட்டி படம் ஒண்ணையும் சின்னதா போடுங்க. பாக்க அழகா இருக்காதுதான், பரவாயில்ல. கட்டுரை எழுதினவர் மேல எனக்கு கோவம் எதுவும் இல்ல, அவருக்கும் இந்த லெட்டரைக் காட்டிடுங்க.

இப்படிக்கு,
பல வருஷமா உங்க பேப்பர் படிக்கிற ஒரு வாசகி